கேமுக்குப் பெரட்டு வைத்த கங்காணி

விளையாட்டை வேலையாக எடுத்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் கைப்போனில் ஓடும் ஒரு விளையாட்டுக்குள் முழுத் தேயிலைத் தோட்டத்தையும் இறக்கி, விளையாட வந்தவர்களைத் தலைதெறிக்க ஓடவைத்தவர் இந்த மலைநாட்டில் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கும் ஞாபகமில்லை. கேம் கங்காணி என்று கேட்டால் கொட்டகலை கடைவீதி வரைக்கும் வழி சொல்வார்கள்.

கங்காணி வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்கள் மலையில் கொழுந்து பறிப்பார்கள். கங்காணி பின்னால் நின்று கத்துவார். காலையில் பெரட்டு வைப்பார். அதாவது, ஆட்களை வரிசையில் நிறுத்தி, வந்தது யார், வராதது யார் என்று பார்த்து, இன்றைக்கு இந்த மலை என்று பிரித்துவிடுவார். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாக்குக்கு என்று கொஞ்சம், மழைத் தண்ணீருக்கு என்று கொஞ்சம் கழிப்பதற்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். நிறை போதாவிட்டால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். தன் வாழ்நாளில் ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளாமலேயே கொழுந்து பறிப்பதைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்ட பரம்பரை அது.

நம்முடைய ஆளும் அப்படியே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றார். மறுநாள் விடியற்காலையும் அவருக்குத் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. கத்துவதற்குத்தான் ஆள் இல்லை. கொஞ்ச நாள் ரோட்டுக்குத் தார் போட வந்தவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவர்கள் சிங்களத்தில் ஏதோ சொன்னதும் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு வீட்டுக் கோழிகள் மாட்டிக்கொண்டன.

"அந்த மனுசன் கோழிய வரிசையா நிக்கச் சொல்றாரு தம்பி" என்று அவர் மனைவி கங்காணியம்மா என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். "சேவல் மொறைச்சுப் பாத்துச்சாம். அதுக்குத் தீனிய பாதியாக்கிட்டாரு."

இந்த நேரத்தில்தான் எங்கள் லயத்துக்கு அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது சரசக்கா. பக்கத்துக் காம்பரா, லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை. பகல் முழுக்கக் கொழுந்து பறிக்கிறவர். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய மகள், தான் பாவித்த போனை அம்மாவுக்குக் கொடுத்தாள். அதற்குள் ஒரு பண்ணை இருந்தது. கோதுமை விதைக்கலாம், கரட் பிடுங்கலாம், மாட்டில் பால் கறக்கலாம், பன்றிக்குத் தீனி வைக்கலாம். எதையும் தின்ன முடியாது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். விளையாட்டு என்றால் மனுஷன் ஓட வேண்டும், வியர்க்க வேண்டும். இதில் வியர்ப்பது போன் மட்டும்தான்.

"ஏன்க்கா, பகல் பூரா கொழுந்து எடுத்துட்டு வந்து, இங்க ஒக்காந்து கரட் புடுங்குறீங்களே. கை வலிக்கலையா?" என்று கேட்டேன். சரசக்காவிடம் மட்டும் எனக்கு வாய் கொஞ்சம் திறக்கும்.

"அது வலிக்கிற கை. இது வேற கை" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன் போனக் குடு."

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் என் போனில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. நான் கொட்டகலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவன். நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. மாடு வேண்டாம் என்று சொல்லக்கூடத் தைரியம் இல்லாமல் மாட்டுக்காரன் ஆனேன்.

அந்த விளையாட்டில் ஆட்கள் சேர்ந்து ஒரு குழுவாக ஆகலாம். வாரா வாரம் குழுக்களுக்குள் போட்டி. எந்தக் குழு அதிக வேலையை முடிக்கிறதோ அது மேலே வரும். சரசக்கா, நான், பிள்ளைக்காம்பராவில் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ரீட்டா, இன்னும் லயத்துப் பெண்கள் சிலர். சாயந்தரம் சரசக்காவின் வாசலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்போம். சிரிப்பும் கேலியுமாக நேரம் போகும்.

ஒருநாள் முதுகுக்குப் பின்னால் பழைய சத்தம் கேட்டது.

"அந்த மூலையில ரெண்டு கதிரு நிக்குது. கண்ணு தெரியலையா சரசு?"

திரும்பிப் பார்த்தோம். கங்காணி. மழைக்கோட்டு, தொப்பி, கையில் பிரம்பு. ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்காத அதே பிரம்பு. போனின் சின்னத் திரையைப் பிரம்பால் காட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? மனுஷனுக்குக் கடைசியில் ஒரு மலை கிடைத்துவிட்டது.

அந்த வாரமே மகன் வாங்கிக் கொடுத்த போனோடு குழுவில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே தலைவர் பதவியைக் கேட்டார். "பழக்கமானவன் கையில இருக்கட்டும்" என்றார். சரசக்கா சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பதவியைக் கொடுத்துவிட்டார். "சும்மா ஒரு பேருக்குத்தானே, வச்சிக்கிட்டுப் போகட்டும்" என்றார் எங்களிடம்.

பதவி ஏற்ற கங்காணி முதலில் குழுவின் பெயரை 'மேல்பிரிவு' என்று மாற்றினார். பிறகு பெரட்டு வைத்தார்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே வைத்தார். விடியற்காலையில் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். எடுத்தால் கங்காணி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். ஆள் நிறைந்த இடத்தில் வாய் திறக்காத நான், போனிலும் அப்படியே. கூப்பிட்டதும் இருமுவேன்.

"இருமுனா வந்ததா அர்த்தமா தம்பி?" என்பார். "வாயத் தொறந்து சொல்லு. துரை கேட்டா நான் என்ன சொல்றது?"

எந்தத் துரை கேட்பார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தூக்கம் அப்படி.

பெரட்டு முடிந்ததும் வேலை பிரிப்பார். கோதுமைப் பாத்திகளுக்கெல்லாம் மலைக்குப் போடுவதைப்போல நம்பர் போட்டிருந்தார். "சரசு ஒன்பதாம் நம்பர். ரீட்டா பால். தம்பி, நீ பன்னி." என் பதவி அதுதான்.

ரீட்டாவுக்கு வேலை நேரத்திலும் போன் வரும். "மாடு கத்துது, கேக்கலையா?" என்பார்.

"புள்ளைங்களுக்குப் பால் காய்ச்சிக்கிட்டு இருக்கேன் கங்காணி. இது நெசப் பால்."

"நெசப் பாலு எங்கயும் ஓடிராது. அத அப்பறம் பாரு."

ஒருமுறை ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கடைசி சீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. பஸ் முழுக்க ஆட்கள். திடீரென்று பின்னாலிருந்து, "தம்பி, பன்னிக்குத் தீனி வச்சியா இல்லையா?" என்று ஒரு சத்தம். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் விடவில்லை. "காலையில இருந்து அது பட்டினி. பாவம் வாயில்லாத சீவன்."

சிங்களக் கண்டக்டர் என் காலடியில் இருந்த துணிப் பொதியைக் குனிந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார். "அண்ணே, பஸ்ல பன்னி எல்லாம் கொண்டு போக ஏலாது" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில், மிகவும் மரியாதையாக. அன்றைக்கு ஹட்டன் வருவதற்கு முன்பே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தேன்.

இவ்வளவு ஆட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. லிந்துலையில் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. அந்தச் சம்பந்தி தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். தோட்டத்தில் டீமேக்கர் ஒரு படி மேலே, கங்காணி பல படி கீழே. கல்யாணப் பந்தியில்கூட அந்தப் படியை அவர் மறக்கவில்லை என்று கங்காணியம்மா சொல்வார். அவரும் அதே விளையாட்டில் ஒரு குழுவுக்குத் தலைவர். வாரம் முடிந்தால் போன் போடுவார்.

"என்னா சம்பந்தி, இந்த வாரமும் நாங்கதான் மேல. ஒங்க ஆளுங்க இன்னும் தூங்குறாங்க போல."

அந்தப் போன் வந்த நாட்களில் கங்காணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. பேத்தியின் காதுகுத்து வரப்போகிறது. லிந்துலை வீட்டில், எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் முன்னால் அந்த மனுஷனைப் பார்த்தாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாரம் மேல்பிரிவு ஜெயிக்க வேண்டும். கங்காணிக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதைப் பாவம் என்று நினைத்துச் சகித்துக்கொண்டோம். அவர் அரைப் பேரைக் கொண்டுவரும் வரைக்கும்.

ஆமாம், விளையாட்டிலும் அரைப் பேர். சொன்ன அளவு முடிக்காதவர்களை எல்லாருக்கும் கேட்கும்படி குரல் செய்தியில் அறிவிப்பார். "ரீட்டா, இன்னைக்கு அரைப் பேர்." இல்லாத சம்பளத்தில் பாதியை எப்படிக் கழிப்பது என்று யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே லயத்துப் பெண்களுக்குக் கை தானாக வேலையைத் தேடும். கேம் என்பதெல்லாம் மறந்துவிடும்.

அன்றைக்கு நல்ல மழை. சரசக்கா மலையிலிருந்து நனைந்து வந்தார். கொழுந்து ஈரம் என்று நிறையில் நன்றாகக் கழித்துவிட்டார்களாம். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார். திறந்ததும் கங்காணியின் குரல்.

"சரசு, ஒன்பதாம் நம்பர் அப்படியே நிக்குது. அரைப் பேர்."

சரசக்கா அதை இரண்டாவது தடவையும் கேட்டார்.

"அங்கயும் அரைப் பேரு. இங்கயுமா?" என்றார் மெதுவாக. பிறகு திரையில் எங்கேயோ தேடி ஒரு பட்டனை என்னிடம் காட்டினார். "இது என்னா தம்பி எழுதியிருக்கு?"

"குழுவ விட்டு விலகுறதுக்கு."

"அமுக்குனா?"

"வெளிய வந்துருவீங்க."

"யாரும் கேக்க மாட்டாங்களா? துரைக்குத் துண்டு எழுதிக் குடுக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம்க்கா."

சரசக்கா அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஆத்தா காலத்துல இருந்து இந்தப் பட்டனத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

அதற்குப் பிறகு ரீட்டா. அதற்குப் பிறகு மற்றப் பெண்கள். கடைசியில் பன்றிகளோடு நான். போன இடம்தான் கொடுமை. லிந்துலை டீமேக்கரின் குழு. சரசக்காவின் யோசனை. "போறதுதான் போறோம், மேல இருக்குற எடத்துக்குப் போவோம்" என்றார்.

லிந்துலைக் குழுவில் பெரட்டு இல்லை. அதட்டல் இல்லை. டீமேக்கர் காலையில் ஒரு பூப்படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்பார், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் நான் பன்றிக்குத் தீனி வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. சரசக்கா ஒரே மூச்சில் தன் பாத்தி முழுவதையும் அறுத்துக் காட்டினார். அதற்கும் ஒரு பூப்படம் வந்தது. குழுவில் இருந்தவர்கள் யார், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. நாங்கள் செய்தாலும் குழு மேலே இருந்தது, செய்யாவிட்டாலும் மேலே இருந்தது.

"சப்புன்னு இருக்கு தம்பி" என்றார் சரசக்கா. "உப்பில்லாத கஞ்சி மாதிரி."

இந்த மாதிரி விளையாட்டுகளை ஏன் விளையாடுகிறார்கள் என்று படித்தவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தோற்றுவிடுவோமோ என்று கொஞ்சம் பயம் வேண்டும். நீ செய்தாயா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அளவுக்கு மீறிப் போனால் எழும்பிப் போகக் கதவும் திறந்திருக்க வேண்டும். கங்காணியிடம் முதல் இரண்டும் இருந்தன. லிந்துலையில் கதவு மட்டும்தான் இருந்தது. வெறும் கதவை வைத்துக்கொண்டு யார் விளையாடுவது?

அந்தச் சமயத்தில் கங்காணியம்மா வந்து நின்றார். "சரசு, ஒரு எட்டு வந்துட்டுப் போ. அந்த மனுசன் யாருமில்லாத குரூப்புல விடிய விடியப் பேர் கூப்புடுறாரு. சாப்புடுறதும் இல்ல. நான் வந்து சொன்னேன்னு சொல்லிறாத."

நானும் சரசக்காவும் போனோம். கங்காணி கட்டிலில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பிரம்பைத் தேடினார், கிடைக்கவில்லை. சரசக்கா அவர் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பண்ணையை நான் கண்டதில்லை. எங்கு பார்த்தாலும் புதர். விளையாட்டு ஆரம்பிக்கும்போது அதுவே விதைத்துக் கொடுக்கும் முதல் பாத்திக் கோதுமை, விளைந்தது விளைந்தபடி அப்படியே நின்றது. எங்களை அவ்வளவு விரட்டிய மனுஷன், சேர்ந்த நாளிலிருந்து தன் பண்ணையில் ஒரு கதிரைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

"இத நீங்க அறுக்கவே இல்லையா கங்காணி?" என்றார் சரசக்கா.

"நான் அறுத்தா, ஒங்கள யாரு பாக்குறது?"

நியாயமான கேள்வி என்ற முகத்தோடுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சரசக்கா சிரிக்கவில்லை.

"விரல வைங்க" என்றார். "இந்த அருவாள்ல. அப்படியே இழுங்க."

கங்காணி தயங்கினார். பிறகு அந்தத் தடித்த விரலை வைத்து இழுத்தார். கதிர்கள் ஒவ்வொன்றாக எழும்பி, சலங் சலங் என்ற சத்தத்தோடு களஞ்சியத்துக்குள் விழுந்தன. அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எவ்வளவு கழிப்பாங்க?"

"கழிக்கிறது இல்ல."

"சாக்குக்கு?"

"இல்ல."

"மழை பேஞ்சா?"

"பேஞ்சாலும் இல்லீங்க. எடுத்தது பூரா எடுத்தவங்களுக்குத்தான்."

கங்காணி களஞ்சியத்தில் விழுந்த கதிர்களை விரலால் எண்ணினார். எத்தனையோ சாயந்தரங்களில் சரசக்காவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டிய மனுஷன். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும்.

"அதுக்குத்தான் வெளையாடுறீங்களா?" என்றார் கடைசியில்.

"அதுக்குத்தான்."

கங்காணி தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இன்னொரு பாத்தி இருக்கா?"

அன்றே எல்லாரும் மேல்பிரிவுக்குத் திரும்பினோம். இந்தத் தடவை தலைவர் சரசக்கா. கங்காணி சாதாரண ஆள். மகா மட்டமான ஆள். மாட்டுக்கு வைக்க வேண்டியதைக் கோழிக்கு வைப்பார். அறுத்ததைக் களஞ்சியத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார், எதற்கும் கொடுக்க மனசு வராது. பன்றிகள் அவர் கையில் பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான் என் பன்றிகள் எவ்வளவு கொடுத்துவைத்தவை என்று புரிந்தது. அவரால் மட்டும் நாங்கள் இழந்த வேலைகளை வைத்து இன்னொரு குழு ஜெயித்திருக்கலாம். காதுகுத்துக்கு முந்திய வாரமும் லிந்துலைதான் மேலே. நாங்கள் கீழே, வழக்கத்தைவிடக் கீழே.

காதுகுத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளை அழுது முடிந்து, பந்தியில் உட்கார்ந்ததும் டீமேக்கர் ஆரம்பித்தார். நாலு பக்கமும் சொந்தக்காரர்கள்.

"என்னா சம்பந்தி, ஒங்க ஆளுங்கெல்லாம் நம்ம பக்கம் ஓடி வந்தாங்களே. கேள்விப்பட்டேன், பெரட்டு தாங்க முடியலையாமே."

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ரீட்டா தண்ணீர் குடித்தார். கங்காணி அப்பளத்தை நொறுக்கினார்.

"ஓடுனாங்கதான் சம்பந்தி" என்றார். "திரும்பியும் வந்தாங்க. பேர வெட்டிருவேன், அரைப் பேர் போட்ருவேன்னு சொல்லியே காலம் பூரா ஆள் கூட்டுனவன் நான். யாரும் கூப்புடாம, சும்மா எனக்காக ஆள் வந்தத இப்பத்தான் பாக்குறேன். நீங்க ஜெயிச்சதா சொல்றீங்க. ஒங்க குரூப்புல இருக்குறவங்க பேரு நாலு சொல்லுங்க பாப்போம்."

டீமேக்கர் யோசித்தார். பாயசம் வரும் வரைக்கும் யோசித்தார். கங்காணியம்மா என் இலைக்குப் பக்கத்தில் வந்து, யாரும் கேட்காத வடை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். எங்களைக் கூப்பிட்டது யார் என்று தெரிந்த நானும் சரசக்காவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இப்போதும் கங்காணி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார். இன்னும் மட்டம்தான். இன்றைக்கு மத்தியானம் கடையில் நல்ல கூட்டம், ஒரு அம்மாவுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. கோழிக்கு வைத்துத் தீர்த்துவிட்டு, மறுபடியும் கோதுமை கேட்டிருந்தார். அந்த அம்மாவை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, முதலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, என்னிடம் இருந்த கோதுமை முழுவதையும் அந்த மனுஷனுக்கு அனுப்பினேன்.